எக்ஸ்ட்ரீம் மெட்டல் இசைக்கு ஸ்னேர் டிரம் தேர்ந்தெடுத்தல்

ஸ்னேர் டிரம் என்பது இருபுறமும் தோல் பூட்டிய, உயரம் குறைந்த உருளை வடிவ முரசு ஆகும். அதன் கீழ்த்தோலை ஒட்டி மெல்லிய கம்பிச் சுருள்கள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மேல்தோலில் குச்சி விழுந்ததும் உள்ளிருக்கும் காற்று கீழ்த்தோலை உந்தும். கம்பிகள் அதில் மோதிச் 'சர்' என்று ஒலிக்கும். சுதந்திர நாள் அணிவகுப்பில் மாணவர்கள் தோளில் வார் போட்டுத் தொங்கவிட்டு அடிக்கும் சைடு டிரம் இதன் உடன்பிறப்பு. டிரம் செட்டில் இது ஒரு தாங்கியின் மேல், வாசிப்பவரின் முழங்கால்களுக்கு நடுவே இருக்கும்.

டெத் மெட்டல், பிளாக் மெட்டல், கிரைண்ட்கோர் முதலிய அதிவேக ராக் வகைகளுக்குப் பொதுப்பெயர் எக்ஸ்ட்ரீம் மெட்டல். இவ்விசையை வாசிக்க விரும்பும் மாணவர், குறிப்பாகக் கொடைக்கானலிலும் பழனி மலையடிவார ஊர்களிலும் இருப்பவர், கையிலுள்ள குறைந்த பணத்தில் எப்படிப்பட்ட ஸ்னேர் டிரம்மை வாங்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இந்த இசை பிடிக்காத பெற்றோரும் படிக்கலாம். பணம் பெரும்பாலும் அவர்களுடையதுதானே.

வேகக் கணக்கு

எக்ஸ்ட்ரீம் மெட்டலின் அடையாளம் 'பிளாஸ்ட் பீட்' என்னும் தாள முறை. வலக்கை சிம்பலிலும் வலக்கால் பேஸ் டிரம்மிலும் விழ, அவற்றின் இடைவெளியில் இடக்கை ஸ்னேரில் விழும். இது நிற்காமல் மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்கும். இங்கிலாந்தின் நேபாம் டெத் குழு 1987இல் வெளியிட்ட 'ஸ்கம்' தொகுப்பு இம்முறையை உலகறியச் செய்தது. அக்குழுவின் டிரம்மர் மிக் ஹாரிஸ்தான் இதற்குப் பிளாஸ்ட் பீட் என்ற பெயரை வழங்கியவராகச் சொல்லப்படுகிறார். அதற்கு முந்தைய ஆண்டு ஸ்லேயர் குழுவின் 'ரெயின் இன் பிளட்' தொகுப்பில் டேவ் லொம்பார்டோவும், 1989இல் மார்பிட் ஏஞ்சல் குழுவின் முதல் தொகுப்பில் பீட் சாண்டவாலும் வேகத்தின் எல்லையைத் தள்ளிவைத்தார்கள். தமிழர்களுக்கும் இதில் பங்குண்டு. சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா குழு, டெத் மெட்டலோடு வேதாந்தக் கருத்துகளையும் சமஸ்கிருத மந்திரங்களையும் சேர்த்து 'வேதிக் மெட்டல்' என்ற தனிவழியை அமைத்தது. பாடகரும் பேஸ் கிட்டார் கலைஞருமான கதிரும் டிரம்மர் சிவாவும் தொடக்கம் முதலே அதில் இருப்பவர்கள்.

இனி ஒரு சிறு கணக்கு. பாட்டின் வேகம் நிமிடத்திற்கு 200 தட்டு என்று கொள்வோம். பிளாஸ்ட் பீட்டில் ஒரு தட்டுக்கு ஸ்னேரில் இரண்டு அடி. ஆக நிமிடத்திற்கு 400 அடி, நொடிக்கு ஏறத்தாழ 7. இரண்டு அடிகளுக்கு நடுவே 150 மில்லி நொடி மட்டுமே இருக்கும். வேகம் 250 ஆனால் இடைவெளி 120 மில்லி நொடியாகச் சுருங்கும். அந்த டிரம்மின் ரீங்காரம் அரை நொடி நீடித்தால் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அடிகளின் ஒலி கலந்துவிடும். மெல்லிசைப் பாட்டில் இனிமையாகத் தோன்றிய அதே ரீங்காரம் இங்கே சேறாகிவிடுகிறது.

கணக்கின் இன்னொரு பாதியைப் பலரும் கவனிப்பதில்லை. வேகம் கூடக் கூட அடி மெலியும். மெதுவாக வாசிக்கும்போது குச்சியைத் தோள் உயரம் தூக்கி அடிக்கலாம். நொடிக்கு எட்டு அடி விழும்போது குச்சி தோலிலிருந்து சில அங்குலமே எழும்ப முடியும். மேலே போய்த் திரும்ப அதற்கு நேரமில்லை. கேட்பவருக்கு முரட்டு இசையாகத் தோன்றுவது, வாசிப்பவரின் கையில் சிறு சிறு அடிகளின் தொடர். ஆகவே எக்ஸ்ட்ரீம் மெட்டலுக்கு உகந்த ஸ்னேர், மெல்லிய அடிக்கும் உடனே வாய் திறந்து பேசி, உடனே வாய் மூடிக்கொள்ள வேண்டும். கடையில் ஓங்கி ஓர் அறை அறைந்து "அடேயப்பா!" என்று வியந்து வாங்கிவந்த டிரம் வேகப் பகுதி வந்ததும் காணாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதன்று. நாதசுரக் கச்சேரியில் தவில் துரித காலத்தில் ஓடும்போதும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே காதில் விழுகிறது. பலாமரத்தில் குடைந்த கட்டை, விறைப்பாக இழுத்த வலந்தலை, விரல்களில் மாட்டிய கூடுகள் எல்லாம் சேர்ந்துதான் அந்தத் தெளிவைத் தருகின்றன. முன்பு வாரால் இழுத்துக் கட்டிய தவிலை இப்போது இரும்பு வளையமும் போல்ட்டும் கொண்டு முறுக்குகிறார்கள். விறைப்பு கூடினால் சுருதி ஏறும், ஒலி குறுகும், குச்சியும் விரலும் துள்ளித் திரும்பும். ஸ்னேர் டிரம்முக்கும் இதே இயற்பியல்தான்.

முதலில் தோல்

டிரம் வாங்குவோர் பெரும்பாலும் முதலில் பார்ப்பது கூட்டின் பளபளப்பை. ஒலியை அதிகம் தீர்மானிப்பவை தோலும், அதைச் சுருதி சேர்க்கும் முறையும், கம்பியும். கூடு அதற்கு அடுத்த இடத்தில்தான் வரும். பழைய தோலோடு இருக்கும் விலையுயர்ந்த டிரம்மைவிட, புதுத்தோல் பூட்டிச் சரியாக முறுக்கிய சாதாரண டிரம் நன்றாக ஒலிக்கும். கையில் உள்ளது டிரம் செட்டோடு வந்த எளிய ஸ்னேராக இருந்தால், புதிதாக வாங்கும் முன் இரண்டு தோல்களையும் கம்பியையும் மாற்றிப் பார்ப்பது நல்லது. புது டிரம்மின் விலையில் அது ஒரு சிறு பங்குதான்.

இன்று டிரம் தோல் என்று நாம் சொல்வது உண்மையில் பாலியெஸ்டர் படலம். ஒற்றைப் படலத் தோல் வழக்கமாக 10 மில், அதாவது கால் மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். மெல்லிய அடிக்கு இது நன்றாகப் பதில் சொல்லும். ஆனால் தோலையும் வளையத்தையும் ஒருசேர அடிக்கும் 'ரிம்ஷாட்' பழக்கம் உள்ளவரிடம் சீக்கிரம் குழி விழும். இரட்டைப் படலத் தோல்களில் 7 மில் படலங்கள் இரண்டு சேர்ந்திருக்கும். ஆயுள் கூடுதல், ரீங்காரம் குறைவு, உணர்திறன் சற்றே மட்டு. நடுவில் வட்டப் பொட்டு ஒட்டி வலுவூட்டிய ஒற்றைப் படலத் தோல் இவ்விரண்டுக்கும் நடுவழி. தொடக்க மாணவருக்கு நான் பரிந்துரைப்பது அதையே. மேற்பூச்சு உள்ள தோலாக இருக்கட்டும்.

கீழ்த்தோல் தனி வகை. வழக்கமான தடிமன் 3 மில்; காகிதத்தைவிட மெல்லியது. இதன் மேல் ஒருபோதும் அடிக்கவோ விரலால் அழுத்தவோ கூடாது. கீழ்த்தோலுக்குப் பதிலாக மேல்தோலையே இரண்டு பக்கமும் பூட்டிய டிரம்கள் பழைய பொருள் சந்தையில் கிடைப்பதுண்டு. அப்படிப்பட்டதில் கம்பி மெல்லிய அடிக்கு வாயே திறக்காது. டிரம்மைக் குறை சொல்லும் முன் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

அளவும் பொருளும்

மிகப் பரவலான அளவு 14 அங்குல விட்டம், 5 முதல் 6.5 அங்குல உயரம். உயரம் குறைந்தால் கம்பி விரைந்து பேசும். கூடினால் ஒலிக்குச் சதைப்பற்று வரும். 8 அங்குல உயர டிரம் மெதுவான பாட்டுக்கு அழகு, பிளாஸ்ட் பீட்டுக்குச் சுமை. மறுபுறம், 3 அல்லது 4 அங்குலமே உள்ள 'பிக்கலோ' வகை விரைவாகப் பேசினாலும் கரகரக்கும் கிட்டார்களின் நடுவே மெலிந்துபோகும். ஒரே டிரம் வாங்க முடியும் என்றால் 14 × 5.5 அல்லது 14 × 6.5 பாதுகாப்பான தேர்வு. 13 அங்குல டிரம் இயல்பாகவே சுருதி ஏறியது, ஒலியும் சுருக்கம். வேகத்திற்கு நன்கு உதவும். ஸ்லிப்நாட் குழுவின் ஜோயி ஜார்டிசன் பெயரில் பேர்ல் நிறுவனம் வெளியிட்ட கருநிற எஃகு ஸ்னேர் 13 × 6.5 அளவுடையது. ஆனால் 13 அங்குலத்திற்குத் தோலும் கம்பியும் எல்லாக் கடையிலும் இருப்பதில்லை. மலையூர்க்காரர் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

கூட்டின் பொருளைப் பற்றி எழுதித் தீராது. வாசிப்பவர்களிடையே வாக்குவாதமும் தீராது. சுருக்கமாக: எஃகு கூர்மையாகவும் நீண்ட ரீங்காரத்தோடும் ஒலிக்கும், விலையும் குறைவு. அலுமினியம் வறண்ட, சுருக்கமான ஒலி தரும். லட்விக் நிறுவனத்தின் 'சுப்ராஃபோனிக்' என்னும் புகழ்பெற்ற ஸ்னேர் அலுமினியத்தாலானதே. பித்தளை கனமும் செழுமையும் உள்ளது. மரத்தில் மேப்பிள் கதகதப்பாகவும் பிர்ச் சற்றுக் கூர்மையாகவும் ஒலிக்கும். தொடக்கநிலைச் செட்டுகளில் இருப்பது பெரும்பாலும் பாப்லர். எஃகின் ரீங்காரத்தை ஒரு ஜெல் வில்லை ஒட்டியோ, தோலின் ஓரத்தில் மடித்த துணித்துண்டை ஒட்டியோ அடக்கிவிடலாம் என்பதால், குறைந்த பணத்தில் எஃகு மோசமான தேர்வு அல்ல.

கம்பியும் வளையமும்

பொதுவாக 20 இழைகள் கொண்ட கம்பித் தொகுதி வரும். 40க்கு மேல் இழைகள் உள்ளவையும் உண்டு. அவற்றில் 'சர்' ஒலி கூடி டிரம்மின் சொந்தக் குரல் அமுங்கும். இழை எண்ணிக்கையைவிட இழுவிசை முக்கியம். கம்பி தளர்ந்திருந்தால் அடி முடிந்த பிறகும் சலசலக்கும். போதாததற்கு, கீழ்ச்சுருதியில் கட்டிய கிட்டார்கள் முழங்கும்போது யாரும் தொடாமலேயே நடுங்கி ஒலிக்கும். அளவு மீறி இறுக்கினால் கம்பி நெரிபட்டு மெல்லிய அடிகள் 'டப், டப்' என்று உயிரற்றுப்போகும். முழுதும் தளர்த்திவிட்டு, ஒரு குச்சியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, சலசலப்பு அடங்கிச் சொல் தெளியும் இடத்தில் நிறுத்துவதே முறை.

கம்பியே இல்லாமல் ஸ்னேர் எப்படி ஒலிக்கும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. மெட்டாலிகா குழு 2003இல் வெளியிட்ட 'செயின்ட் ஆங்கர்' தொகுப்பில் லார்ஸ் உல்ரிக் கம்பிகளை விலக்கிவிட்டு வாசித்தார். பாத்திரத்தைத் தட்டுவது போன்ற அந்த ஒலி இன்றுவரை ரசிகர்களின் கேலிக்கும் சண்டைக்கும் உரியதாக இருக்கிறது.

தோலை இழுத்துப் பிடிக்கும் வளையம் இரண்டு வகை. தகட்டை மடித்துச் செய்தது ஒன்று. அச்சில் வார்த்தது மற்றொன்று. வார்ப்பு வளையம் கனமானது. சுருதி நிலைக்கும், ரீங்காரம் குறையும், ரிம்ஷாட் துப்பாக்கி வெடித்தது போல் இருக்கும். குச்சி மட்டும் சீக்கிரம் தேயும். 'கிராவிட்டி பிளாஸ்ட்' என்ற உத்தியில் குச்சியின் நடுப்பகுதி வளையத்தின் மேல் ஊன்றி நிற்க, கை கீழே போகும்போது ஓர் அடியும் மேலே வரும்போது ஓர் அடியுமாக நுனி தோலில் விழும். ஒரே கையால் இருமடங்கு வேகம் கிடைக்கும். இந்த உத்தியில் அடி மிகவும் மெல்லியது. அதைக் கேட்கச் செய்வது பாதி கம்பியின் உணர்திறன், பாதி ஒலிவாங்கி.

சுருதி சேர்த்தல்

தோலைப் பூட்டி எல்லாப் போல்ட்களையும் விரலால் இறுகும் வரை திருகுக. பிறகு டிரம் சாவியால் ஒன்றைத் திருகியதும் அதற்கு நேர் எதிரே உள்ளதைத் திருக வேண்டும். ஒரு முறைக்கு அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம். வரிசையாகச் சுற்றிவந்தால் தோல் ஒருபக்கம் சாயும். ஓரளவு இறுகியதும், ஒவ்வொரு போல்ட்டுக்கும் எதிரே விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே தட்டி எல்லா இடமும் ஒரே சுருதியில் பேசுகிறதா என்று கேட்க வேண்டும். மிருதங்கம் கற்றவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. எல்லாக் கண்களும் ஒத்துப் பேசும்வரை கல்லால் தட்டிக்கொண்டே இருப்பார்கள் அல்லவா?

கீழ்த்தோலை நன்றாக உயர்த்தியும், மேல்தோலை நடுத்தரத்திற்கு மேலேயும் வைப்பது இந்த இசைக்குப் பொருந்தும். மேல்தோல் விறைப்பாக இருந்தால் குச்சி தானே துள்ளித் திரும்பும். கையின் உழைப்பு குறையும். விறைப்பையும் அளவோடு நிறுத்த வேண்டும். மீறினால் டிரம் குரலை இழந்து மேசையைத் தட்டுவதுபோல் ஆகிவிடும்.

மாணவர்கள் ஏமாறும் இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒலிப்பதிவில் கேட்கும் ஸ்னேர் ஒலி பல நேரங்களில் அந்த டிரம்மின் ஒலி மட்டும் அன்று. பதிவுக்கூடத்தில் முன்பே பதிந்து வைத்த மாதிரி ஒலிகளைக் கலப்பதும், எல்லா அடிகளையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவருவதும் இவ்வகை இசையில் சாதாரணம். பேஸ் டிரம்மில் 'டிரிகர்' எனும் உணரி மாட்டி மின்னணு ஒலி எழுப்புவதும் பரவலான வழக்கம். "அந்தப் பாட்டில் கேட்டது போலவே வேண்டும்" என்று டிரம் தேடிப் போனால், உலகில் இல்லாத ஒன்றைத் தேடுவதாக முடியலாம்.

கடையில் சோதித்தல்

சொந்தக் குச்சியையும் டிரம் சாவியையும் எடுத்துச் செல்க. முதலில் ஓங்கி அடிக்காமல், குச்சியை இரண்டு அங்குலமே தூக்கி, தோலின் நடுவிலும் ஓரத்திலும் மெதுவாகத் தட்டிக் கம்பி பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அதே உயரத்தில், இயன்ற வேகத்தில் ஒற்றை அடிகளை ஓடவிட்டு, நண்பர் ஒருவரைப் பத்து அடி தள்ளி நிற்கச் சொல்லி, அடிகள் தனித்துக் கேட்கின்றனவா என்று கேட்கலாம். ஓங்கி அடிப்பது கடைசியில். கம்பியைச் சேர்க்கும் விலக்கும் நெம்புகோலைப் பத்து முறை போட்டு எடுக்க வேண்டும். மலிவு டிரம்களில் முதலில் கெடுவது அதுதான். பழைய டிரம் என்றால் கடைக்காரர் அனுமதியோடு மேல்தோலைக் கழற்றி, கூட்டின் குறுக்களவை அளவுநாடாவால் மூன்று திசைகளில் அளக்கவும். அளவு மாறினால் கூடு வட்டம் கெட்டுப்போனது. எந்தச் சுருதியிலும் நிற்காது. தோல் அமரும் விளிம்பில் விரலை ஓட்டிப் பள்ளமோ பிசிறோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளவும்.

டிரம்மோடு சேர்த்துக் காதடைப்பானும் வாங்க வேண்டும். வாசிப்பவரின் காதருகே ஸ்னேரின் ஒலி 100 டெசிபலை எளிதாகத் தாண்டும். அமெரிக்கத் தேசியத் தொழில் பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனத்தின் வரையறைப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம்; ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்திற்கும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு ஒரு நாளைக்கு 15 நிமிடமே. பஞ்சு போதாது, நுரை அடைப்பானாவது வேண்டும். போன செவித்திறன் திரும்பாது. அன்றாடப் பயிற்சிக்கு ரப்பர் பயிற்சிப் பலகை போதும். ஓசை தொலைதூரம் செல்லும் மலைச்சரிவில் அண்டை வீட்டாரும் நன்றி சொல்வார்கள்.

மலையில் வைத்திருத்தல்

பறையை அடிக்கும் முன் நெருப்பில் காட்டுவதை எல்லோரும் பார்த்திருப்போம். ஈரம் ஏறிய விலங்குத் தோல் தொய்யும். சூடு அதை விறைக்கச் செய்யும். கன்றுத்தோல் பூட்டிய மேலைநாட்டு டிரம்களுக்கும் ஒரு காலத்தில் இதே தொல்லை இருந்தது. பாலியெஸ்டர் தோல் 1950களின் நடுப்பகுதியில் வந்து அதைத் தீர்த்தது. ரெமோ பெல்லி 1957இல் சந்தைக்குக் கொண்டுவந்த தோலின் பெயரே 'வெதர் கிங்', வானிலையின் அரசன். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் மேகத்துக்குள் இருக்கும் கொடைக்கானலில் இந்தப் பெயரின் பொருள் நன்றாகவே விளங்கும். அங்கே உயரத்தால் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் டிரம் வேறுமாதிரி ஒலிக்குமா என்று கேட்கும் மாணவர் உண்டு. காதுக்கு எட்டும் வேறுபாடு பெரிதாக இராது. கவலைப்பட வேண்டியது ஈரத்தைப் பற்றி.

தோல் தப்பித்தாலும் இரும்பு தப்பாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நாள்கணக்காகப் பனிமூட்டம் இறங்கும்போது, கம்பி இழைகளிலும் போல்ட் மரைகளிலும் துரு பிடிக்கும். ஒரே ஓர் இழை துருவேறி வளைந்தால் போதும், மொத்தத் தொகுதியும் சலசலக்கும். நான் பார்த்த ஒரு பள்ளி பேண்டில் துருப்பிடித்த கம்பிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, சைடு டிரம்மை வெறும் தம்பட்டமாக ஆண்டுக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்தார்கள்! வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, உறையினுள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வைப்பது எளிய காப்பு. மரைகளுக்கு ஒரு சொட்டு தையல் இயந்திர எண்ணெய். மரக்கூடாக இருந்தால் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைக்கவும். ஈரத்தில் மரம் ஊதினால் விளிம்பு கெடும்.

பழனியிலிருந்து மலைப்பாதையில் கொடைக்கானலுக்கு ஏறும்போது, உயரம் ஏறத்தாழ 1,800 மீட்டர் கூடுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு 6.5 பாகை வீதம் கணக்கிட்டால் வெப்பநிலை சுமார் 12 பாகை செல்சியஸ் இறங்கும். கீழே சேர்த்த சுருதி மேலே அப்படியே இராது. நிகழ்ச்சி இடத்தை அடைந்து அரை மணி நேரம் டிரம்மை அங்கேயே இருக்கவிட்டு, அதன் பின் சாவியை எடுக்க வேண்டும். குளிரில் கிடந்த டிரம்மைக் கணப்பு மூட்டிய அறைக்குள் கொண்டுவந்தால் உடனே உறையைத் திறக்க வேண்டாம். குளிர்ந்த உலோகத்தில் நீர்த்துளி படியும். அறைச் சூட்டுக்கு அது வரும்வரை உறைக்குள்ளேயே இருக்கட்டும்.

தேவைப்படும் எல்லாம் மலைமேல் கிடைத்துவிடாது. மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ இறங்கும்போதே ஒரு கீழ்த்தோல், ஒரு கம்பித் தொகுதி, அதைக் கட்டும் நைலான் கயிறு, இரண்டு போல்ட், இன்னொரு டிரம் சாவி ஆகியவற்றையும் சேர்த்து வாங்கி வந்துவிட வேண்டும்.